ஹமீது நானா திறந்த கடிதம்

நான் பஸ்ஸை விட்டு இறங்கி வருவதைத் தூரத்திலேயே கண்டுவிட்டு ஹமீது நானா கடை வாசலுக்கு வந்து நின்றார். தலையில் தொப்பி, கழுத்தில் மஃப்ளர், முகம் நிறையச் சிரிப்பு.

“புஷ்பா, சுருக்கா வாங்க! லெபனான்லேந்து கடிதம் வந்தீக்கு. நல்ல கடிதமொண்டு!”

வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகளுக்கு மூங்கில் சீவத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. டிக்கோயாப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து, பஸ் நின்று நின்று வந்ததில் நான் கடைக்கு வந்து சேரவே பகல் சாப்பாட்டு நேரமாகிவிட்டது. சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கம்பியூட்டருக்கு முன்னாலிருந்த நாற்காலியில் ராஜேந்திரன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலை காய வைக்கும் பகுதியில் வேலை அவருக்கு. ஏதோ சாமான் வாங்க டவுனுக்கு வந்தவர், போகிற வழியில் மனைவியிடமிருந்து ஏதும் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்திருக்கிறார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

“என்ன எழுதியிருக்காங்க அண்ணே?” என்று கேட்டேன்.

நானாதான் சொன்னார். “‘ஐ லவ் யூ’ எண்டு எழுதீக்கா! தலைப்புலேயே எழுதீக்கா!”

நானும் சிரித்துவிட்டேன். ராஜேந்திரன் அண்ணன் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, “சரி மிஸ், நான் போயிட்டு ஞாயித்துக்கெழம வாறேன்” என்று யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். போகிறவரின் முதுகிலும் அவர் அடக்கிக்கொண்ட சிரிப்பு தெரிந்தது.

“கடிதத்துக்கு உள்ளுக்கு இன்னொண்டு ஈக்கு புஷ்பா. அதத் தொறந்தேன். ஒண்டும் வரல்ல. நீங்க பாருங்க,” என்றார் நானா.

நான் உட்கார்ந்தேன். திரையில் ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டியின் முகப்பில் இருந்த சின்னச் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே தகடு சுற்றும் சத்தம், ஓயாமல், கரகரவென்று. யாரும் ஒரு வேலையும் கொடுக்காதபோது அது அப்படி உழைக்கக் கூடாது.

நான் குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா

இந்தத் தொடரில் அந்தக் கடையைப் பற்றி முன்பும் இரண்டொரு இடத்தில் சொல்லியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன்.

ஹமீது நானாவுக்கு ஹட்டனில் துணிக்கடை. சீத்தையும் பள்ளிக்கூடச் சீருடைத் துணியும் விற்ற கடையைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் டெலிபோன், ஃபேக்ஸ், போட்டோ கொப்பி என்று வைத்தார். பிறகு கொழும்பிலிருந்து ரயிலில் ஒரு கம்பியூட்டர் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள, கொழும்பில் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் வந்தேன். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பெண் கம்பியூட்டர் தட்டுவதைப் பார்க்கவே ஆரம்பத்தில் ஆட்கள் வந்தார்கள்.

தோட்டங்களிலிருந்து பெண்கள் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். போனில் பேசினால் இரண்டு பக்கமும் அழுதே நேரம் போய்விடும். தபால் கடிதம் வர வாரக்கணக்காகும். அதனால் மின்னஞ்சல் மெல்ல மெல்லப் பழக்கத்துக்கு வந்தது.

ராஜேந்திரன் அண்ணனின் மனைவி பரமேஸ்வரி லெபனானில் ஒரு வீட்டில் இருந்தார். அந்த வீட்டு மகள், படிக்கிற பெண், நல்ல மனசுக்காரி. புதிதாக வந்த டிஜிட்டல் கெமரா அவளிடம் இருந்தது. பரமேஸ்வரியைப் படம் எடுத்து எங்கள் கடை முகவரிக்கு அனுப்புவாள். படத்தோடு ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். சுகமாக இருக்கிறாள், மகளுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள் என்கிற மாதிரி. அதை நான் தமிழில் சொல்லுவேன்.

இலவசமாகக் கிடைத்த தபால் பெட்டி மிகச் சின்னது. இரண்டு மூன்று படம் வந்தாலே நிறைந்துவிடும். ஆகவே படங்களைக் கம்பியூட்டருக்குள் இறக்கி வைத்துவிட்டுக் கடிதத்தை அழித்துவிடுவேன். கடையில் இருந்த பிரிண்டர் கறுப்பு மையில் புள்ளி புள்ளியாக எழுத்து அடிக்கிற வகை. படம் வராது. பார்க்க வேண்டுமென்றால் கடைக்கு வந்து திரையில்தான் பார்க்க வேண்டும்.

அப்படித்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ராஜேந்திரன் அண்ணன் தன் மகள் நிரோஷாவைத் தூக்கிக்கொண்டு வருவார். பரமேஸ்வரி போகும்போது பிள்ளை அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்ததாம். பெற்றவள் முகம் அவளுக்கு நினைவில் நிற்க வழியில்லை. எங்கள் கடைத் திரையில்தான் அவள் அம்மாவைப் பழகினாள்.

பல்கனியில் துணி காயப் போடும் அம்மா. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு கிழவியின் பின்னால் நிற்கும் அம்மா. பெரிய குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும் அம்மா. நிரோஷாவுக்கு மிகவும் பிடித்தது, சாம்பல் நிறப் பூனையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிக்கும் அம்மா.

“பூன அம்மா காட்டுங்க மிஸ்.”

காட்டுவேன். அவள் மேசையில் ஏறி உட்கார்ந்து, மூக்கு ஒழுக ஒழுகக் கன்னத்தைத் திரைக் கண்ணாடியில் வைத்து அழுத்துவாள். பழைய திரைகள் ஓடினால் சூடாகும். கண்ணாடியில் மெல்லியதாக மின்சாரம் ஊர்ந்து தலைமயிரை இழுக்கும். ஹட்டன் குளிரில் வெளியே மூச்சு விட்டால் புகை வரும்.

“அம்மா சூடா இருக்காங்க அப்பா,” என்பாள்.

அவளைத் திரையிலிருந்து பிரித்தெடுப்பதுதான் பெரும்பாடு. பஸ் நிலையம் வரை அழுதுகொண்டே போகும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். நானா துணிக்கடைப் பக்கம் போய் எதையாவது மடித்துக்கொண்டிருப்பார்.

எழுத்து உதிர்ந்த திரை

வைரஸ் எனக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் கம்பியூட்டர் படித்தபோதே அதோடு பழக்கம்.

ஒரு நாள் நான் தட்டிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து ஓர் எழுத்து கழன்று கீழே விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக. தேயிலையில் கவ்வாத்து வெட்டும்போது கொப்புகள் விழுகிற மாதிரி எல்லா எழுத்தும் திரையின் அடியில் குவிந்து கிடந்தன. வகுப்பே எழுந்து வந்து பார்த்தது. நாங்கள் கைதட்டிச் சிரித்தோம். யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்த பிளொப்பியில் ஒட்டிக்கொண்டு வந்ததாம். அந்தக் காலத்து வைரஸ்கள் பாதி விளையாட்டுப் பிள்ளைகள். மெஷினை அணைத்துப் போட்டால் எழுத்து பழையபடி வந்துவிடும்.

பிளொப்பி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கொட்டாஞ்சேனையில் இருந்த என் அறையிலிருந்து வகுப்புக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடி. ஒரு சிப்பாய் என் பையிலிருந்து பிளொப்பியை எடுத்தான். “மே மொகக்த?” என்றான், இது என்ன என்று. படிக்கிற பாடம் என்றேன் சிங்களத்தில். அவன் அதை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, உள்ளே எழுத்து தெரிகிறதா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். என் அடையாள அட்டையில் தோட்டத்து முகவரி, போர்க்காலத்தில் தமிழரைச் சந்தேகிக்க அதுவே போதும். அவன் என்னைவிடச் சின்னவனாக இருப்பான். கடைசியில் பிளொப்பியைத் திருப்பித் தந்து போகச் சொன்னான்.

அன்றைக்கு நான் பயந்தது வைரஸுக்கு இல்லை. அந்த வயதில் அஞ்ச வேண்டியவை வேறு நிறைய இருந்தன. ஒரு மெஷினுக்குள் வரும் நோய் ஒரு வீட்டுக்குள் புகுந்து ஆளைப் பறிக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பெயர் மட்டும்

பள்ளிக்கூடம் விட்டதும் சிவநேசன் சேர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஹட்டனில் கணக்குப் படிப்பித்ததால் எங்களுக்கு அவர் ‘சேர்’. தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தவருக்கு எங்கள் கடைதான் மாலைநேரப் போக்கிடம். கம்பியூட்டர் பைத்தியம்.

தான் கொண்டுவந்த பிளொப்பியால் மெஷினைக் கிளப்பி, கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டிப் பார்த்தார். பரமேஸ்வரியின் படங்கள் இருந்த இடத்துக்குப் போனார். பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. நான் வைத்த பெயர்கள்தான். பல்கனி, கிழவி, பூனை. ஆனால் ஒவ்வொரு பெயரின் வாலிலும் புதிதாக மூன்று எழுத்துகள் ஒட்டியிருந்தன.

“பேர் மட்டும்தான் இருக்குது பிள்ளை,” என்றார் சேர். “உள்ளுக்குப் படம் இல்லை. கடிதத்தோடை வந்த சாமான் தன்னைத்தானே எல்லாப் படத்துக்கும் மேலை எழுதி வைச்சிருக்கு. இதிலை எதைத் திறந்தாலும் அதுதான் திரும்ப எழும்பும்.”

“எடுக்க முடியாதா சேர்?”

“அழிச்சதெண்டா எடுக்கப் பாக்கலாம். இது மேலை எழுதிப்போட்டுது.”

நானா சேரின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். “அது அந்தப் புள்ளட முகவரிலேந்துதானே வந்திச்சி?”

“ஓம் நானா. அந்தப் பிள்ளையின்ரை கம்பியூட்டருக்கும் இது வந்திருக்கு. பிறகு அதுக்குத் தெரிஞ்ச எல்லா முகவரிக்கும் தானாவே போயிருக்கு. உலகம் முழுக்க இப்ப இதே கதைதான். ரேடியோவிலையும் சொன்னவை.”

“அப்ப அந்த ‘ஐ லவ் யூ’?”

“அதுதான் தூண்டில்.”

நானா வாசலைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல், “அந்த மனிசன் எவ்வளவு சந்தோசமாப் போனான்,” என்றார்.

படங்களுக்கு நகல் இருந்தது. நானே பிளொப்பிகளில் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்கி, அலமாரியில் வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஒன்றின் உலோக மூடியை விரலால் நகர்த்தியபோதே மணம் வந்தது. ஹட்டன்காரர்களுக்குத் தெரிந்த மணம் அது. தோல் செருப்பிலும், பெட்டியில் வைத்த கல்யாணச் சேலையிலும், பள்ளிக்கூடப் பையிலும் மாரியில் வருகிற அதே பூஞ்சண மணம். கறுத்த தகட்டின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்தது போல் பூத்திருந்தது. மெஷினில் போட்டால் உரலில் கல் இடிபடுகிற சத்தம். சேர் பஞ்சில் சாராயம் நனைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒன்றிலிருந்து ஒரு படத்தின் மேல்பாதி வந்தது. சுவரும் ஒரு ஜன்னலும். ஆள் இல்லை.

ராஜேந்திரன் அண்ணனின் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். வந்தது.

ராஜேந்திரன் அண்ணன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டு வந்திருந்தார். நிரோஷாவுக்குச் சிவப்புச் சுவெட்டர். கையில் ஒரு பொட்டலம். லயத்தில் சுட்ட ரொட்டியும் சம்பலும், எங்களுக்காக. அதற்கு முன் அவர் எதுவும் கொண்டு வந்ததில்லை.

“மிஸ், ஒரு பதில் கடிதம் எழுதணும்,” என்றார். “அவ எழுதினதுக்கு.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நம்ம ஆளுக அப்படியெல்லாம் வாயால சொல்லிப் பழக்கமில்லங்க. அங்க போய் இருந்து பாத்துத்தான் சொல்லத் தோணியிருக்கு போல. நானும் சொல்லணும்ல?”

நான் நானாவைப் பார்த்தேன். நானா என்னைப் பார்த்தார். பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு ராஜேந்திரன் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ராஜேந்திரன், நா ஒண்டு சொல்றேன். கோவிச்சிக்காதீங்க. அண்டக்கி நா தொறந்த கடிதத்துல வைரஸ் ஈந்திச்சி. அது படத்தையெல்லாம் தின்டுட்டுது. ஒண்டும் மிச்சமில்ல.”

அவருக்கு விளங்கவில்லை. “எந்தப் படம்?”

“ஒங்க பொஞ்சாதிட படம். எல்லாம்.”

ராஜேந்திரன் அண்ணன் அணைந்து கிடந்த திரையைப் பார்த்தார். அதற்குள் நிரோஷா மேசையில் ஏறிவிட்டாள். கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தாள். அது குளிர்ந்திருந்தது. எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தாள்.

நான் விளக்கிச் சொன்னேன். வைரஸ் என்பது யாரோ எங்கோ எழுதி விட்டது, அந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியாமல் அவள் பெயரில் வந்தது, உலகத்தில் லட்சக்கணக்கான பேருக்கு அதே கடிதம் போயிருக்கிறது என்றெல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப அது அவ எழுதலயா மிஸ்?”

படம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இல்லங்க அண்ணே.”

“எல்லாருக்கும் வந்ததா?”

“ஆமாங்க.”

அவர் சிரிக்கப் பார்த்தார். “லயத்துல பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன்,” என்றார்.

நானா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனிதர், கடைவீதியில் பேச்சுக்குப் பேர் போனவர். அன்றைக்கு அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். ரொட்டிப் பொட்டலம் மேசையிலேயே கிடந்தது. அவர்கள் போன பிறகுகூட நாங்கள் அதைத் தொடவில்லை.

அதன் பிறகு ஹமீது நானா அந்த மெஷினின் முன்னால் உட்காரவே இல்லை. துணிக்கடைப் பக்கமே இருந்துகொண்டார். தேநீர் கொண்டுவந்து வைத்தால்கூட, மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, நெருப்பைத் தொட்டவர் போல் கையை இழுத்துக்கொள்வார்.

சேரின் சிடி

“இனி விண்டோஸே வேண்டாம்,” என்றார் சிவநேசன் சேர்.

இந்தியக் கம்பியூட்டர் சஞ்சிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடி ஒன்றை அவர் வைத்திருந்தார். லினக்ஸ். இன்றைக்குப் போனிலும் எதிலும் அதுதான் ஓடுகிறது என்கிறார்கள். அப்போது ஹட்டனில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் சேர், இன்னொருத்தி அவர் சொல்லிக் கேட்ட நான்.

“அந்த வைரஸ் எழுதினது விண்டோஸுக்கு. இதுக்குள்ளை வந்தாலும் அதுக்குப் பாஷை விளங்காது. ஆர் என்ன கடிதத்தைத் திறந்தாலும் பயமில்லை.”

நானா பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து கேட்டார். “பயமில்லையெண்டா போடுங்க சேர்.”

ஒரு பின்னேரம் முழுக்க வேலை நடந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் அருவி மாதிரி ஓடின. கடைசியில் ஒரு முகப்பு வந்தது. நீல நிறம், ஒரு பக்கம் அழகான சின்னப் பெங்குவின். மெஷின் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. வீட்டைக் கழுவி விட்டது போல.

பிறகு இணையத்தோடு தொடுக்கப் பார்த்தோம். மோடம் சத்தமே போடவில்லை. அந்த ‘கீ… க்ரூ…’ என்ற கத்தல்தான் எங்கள் கடைக்கு உலகம் வரும் சத்தம். அது இல்லை. சேர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மெஷினின் மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது விண்டோஸ் சொன்னால் மட்டும் வேலை செய்கிற வகை மோடம். பாதி வேலையை விண்டோஸ்தான் செய்யும். லினக்ஸுக்கு அது வெறும் தகடு.

வெளியே வைத்துப் பொருத்துகிற மோடம் ஒன்று கிடைத்தால் சரி என்றார். நுவரெலியா போய் வந்தார். கண்டிக்குப் போய் வந்தார். கிடைக்கவில்லை.

கடிதங்களின் கதை அதைவிட மோசம். தோட்டத்து ஆட்களுக்காக நான் தமிழில் தட்டி வைத்திருந்தவற்றைத் திறந்தேன். முகத்துக்கு நேரே ஒரு பக்கம் நிறைய வளைந்த ஆங்கிலக் குறிகள். தமிழ் என்று நாங்கள் நினைத்திருந்தது அந்த எழுத்துரு போட்டுக் காட்டிய வேஷம். எழுத்துரு இல்லாத இடத்தில் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்பது யாரோ கெட்ட வார்த்தையால் திட்டுவது போல் தெரிந்தது. சேர் எழுத்துருவைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நின்றன.

எந்த நோயும் வராத ஒரு மெஷின் எங்களுக்குக் கிடைத்தது. அது யாரோடும் பேசாது. எங்கள் மொழியும் அதற்கு வராது.

சில நாட்கள் அப்படியே வைத்திருந்தோம். கடிதம் அனுப்ப வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். சேர் தானாகவே ஒரு காலை வந்து, பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன், அதை அழித்துவிட்டு விண்டோஸ் போட்டார். போட்டு முடித்து எழும்பும்போது, “வேறை வழியில்லை பிள்ளை,” என்றார்.

வைரஸைத் தடுக்கிற மென்பொருள் போட்டோம். அதற்குப் புதிய வைரஸ்களின் விவரத்தை இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் டெலிபோன் லைனில் அது இறங்க ஒரு பின்னேரம் ஆகும். மலையில் மழை இறங்கினால் லைன் அறுந்துவிடும். திரும்ப முதலிலிருந்து. கடைசியில் இறங்கி முடிகிறபோது, அதைவிடப் புதிய வைரஸ் ஒன்று வந்துவிட்டதாகச் செய்தி வரும். பிறகு வந்த வருடங்களில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. யாரும் எதையும் திறக்காமலே, இணையத்தில் தொடுத்த மாத்திரத்தில் புகுந்து மெஷினை அணைக்கிற வைரஸும் வந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தருகிற பென் டிரைவ்களில் வந்தது. நான் படித்துக்கொண்டே இருந்தேன். அது எப்போதும் எனக்கு ஓர் அடி முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

காய்ச்சல்

லெபனான் பெண்ணுக்கு எழுதினேன், படங்களை மறுபடி அனுப்பச் சொல்லி. பதில் இல்லை. திரும்ப எழுதினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று கடிதம் திரும்பி வந்தது.

தபாலில் பரமேஸ்வரிக்கு எழுதினோம். இரண்டு மாதம் போல் கழித்து அவர் கைப்பட எழுதிய பதில் வந்தது. அந்தப் பெண் கல்யாணம் முடித்து வேறு நாட்டுக்குப் போய்விட்டாளாம். கெமராவும் அவளோடு போய்விட்டது. வீட்டில் மற்றவர்கள் அப்படியெல்லாம் பழக மாட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

ராஜேந்திரன் அண்ணன் சில ஞாயிற்றுக்கிழமைகள் நிரோஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டி வராவிட்டால் லயத்தில் அழுது புரளுகிறாள் என்றார். கம்பியூட்டருக்குக் காய்ச்சல் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

“மிஸ், காய்ச்சல் விட்டுருச்சா?”

“இன்னும் இல்லடா கண்ணு.”

அவள் புறங்கையைத் திரையில் வைத்துப் பார்ப்பாள், வீட்டில் அவளுக்குப் பார்க்கிற மாதிரி. அப்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், கண்ணாடி சூடாக இருக்கும். “ஆமா, சுடுது,” என்பாள். அடுத்த ஞாயிறு வந்து திரும்பவும் கேட்பாள். நானா அந்த நேரங்களில் கடையை விட்டே வெளியே போய்விடுவார்.

பிறகு அவள் கேட்பதை நிறுத்தினாள். பிறகு வருவதும் நின்றது. ராஜேந்திரன் அண்ணன் தனியாக டவுனுக்கு வந்தால் வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டுப் போவார்.

பரமேஸ்வரி

பரமேஸ்வரி திரும்பி வந்தது சில வருடங்கள் கழித்து. நாட்டில் சமாதானம் என்று பேசிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு காலை, மெலிந்து வெளுத்த ஒரு பெண் கடைக்குள் வந்து கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஹட்டனில் அவர் முகத்தை என் அளவுக்குப் பார்த்தவர்கள் அதிகம் இல்லை.

“நீங்கதானே புஷ்பா மிஸ்?” என்றார். “எம் படமெல்லாம் நீங்கதான் காட்டுவீங்கன்னு சொன்னாரு.”

உட்காரச் சொன்னேன். நானா பலகைத் தடுப்பின் ஓரத்தில் வந்து நின்றார். அவரைப் பார்த்துப் பரமேஸ்வரி எழுந்து கும்பிட்டார். நானா தலையைக் குனிந்துகொண்டார்.

“நா எப்படி இருந்தேன் மிஸ் அதுல?”

“நீங்க பாக்கலயா?”

“அந்தப் புள்ள எடுக்கும். எடுத்துட்டு உள்ள போயிரும். எனக்கு யாரு காட்டுறது? வேல இருக்கும்ல.”

நான் சொன்னேன். பல்கனியில் நின்றது, கிழவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றது, பூனையை வைத்துச் சிரித்தது. நினைவில் இருந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். என்ன நிற உடுப்பு, தலை எப்படி வாரியிருந்தது என்றெல்லாம். அவர் யாரோ ஒரு சொந்தக்காரியைப் பற்றிக் கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தார். பூனையைச் சொன்னபோது மட்டும், “அது செத்துப்போச்சு,” என்றார்.

“நிரோஷா எப்படி இருக்கா?”

அவர் கைப்பையின் வாரைத் திருகினார். “வந்து மாசமாச்சு. கிட்ட வர மாட்டேங்குது மிஸ். சாப்பாடு குடுத்தா அவங்கப்பா முகத்தப் பாத்துட்டுத்தான் வாங்குது. ‘நீங்க எப்ப போவீங்க’ன்னு கேக்குது. மரியாதயாத்தான் கேக்குது.”

கடையில் அப்போது புது மெஷின். வைரஸ் தடுப்பு நாள் தவறாமல் புதுப்பித்துக்கொள்ளும். சிடியில் நகல் எடுக்கிற வசதி, நிறத்தில் அச்சடிக்கிற பிரிண்டர், சின்னதாக ஒரு டிஜிட்டல் கெமராகூட இருந்தது. எதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை என்ற பழக்கம் எனக்கு வந்திருந்தது. ஒரு நகல் கடையில், ஒன்று என் வீட்டில், ஒன்று சேரின் அறையில். மூன்றும் டப்பாவில் காற்றுப் புகாமல்.

“நா திரும்பப் போறேன்,” என்றார் பரமேஸ்வரி. “ஏஜென்சியில சொல்லிட்டாங்க. இந்தத் தடவ குவைத்து.”

கெமராவை எடுத்தேன். “ஒக்காருங்கக்கா. நல்லதா நாலு படம் எடுக்கிறேன். பிரிண்டும் போட்டுத் தர்றேன். இப்ப ஒண்ணும் அழியாதுக்கா. நான் பாத்துக்கிறேன்.”

அவர் கையை நீட்டிக் கெமராவின் கண்ணை மெதுவாக மூடினார்.

“வேணாம் மிஸ்.”

“அக்கா, நெசமாத்தான் சொல்றேன். எதுவும் ஆகாது.”

“அதுக்கில்ல மிஸ். அவர்கிட்ட கேட்டேன். படம் இருந்த காலத்துல ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழுதுகிட்டே போவுமாம். ராத்திரியில தூக்கத்துல எந்திரிச்சித் தேடுமாம். படம் போனதுக்குப் பொறகு கொஞ்ச நாள் கேட்டிச்சாம். அப்புறம் மறந்து நல்லா வெளயாட ஆரம்பிச்சிருச்சாம்.” அவர் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார். “இப்ப நல்லாப் படிக்குது மிஸ். கலைச்சி விட்டுராதீங்க.”

நானா தடுப்பைத் தாண்டி வந்தார். பல வருடங்களுக்குப் பிறகு மெஷினின் முன்னால் வந்து நின்றது அன்றைக்குத்தான். “தங்கச்சி, நா அண்டக்கி...” என்று தொடங்கினார்.

“ஒங்களால ஒண்ணும் இல்ல நானா,” என்று பரமேஸ்வரி சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. உண்மையை உண்மையாகச் சொல்கிற குரல்.

படியிறங்கி, வீதியின் ஓரமாக, பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார். மூடுபனி ரயில்வே லைன் வரை இறங்கியிருந்தது. கெமரா என் கையில் இருந்தது. அந்த முதுகையாவது எடுத்து வைத்திருக்கலாம். நான் எடுக்கவில்லை.